மெத்தை ஆலை எந்தக் கரைக்கு?

மார்ச் 3

அண்ணிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதத்தான் பேனா போனது. பிடித்து நிறுத்திவிட்டேன்.

இனிமேல் நாம் இரண்டு பேரும் போனில் பேசக் கூடாது என்று அண்ணன் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மெத்தை ஆலை எந்த ஊருக்கு என்று நாம் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். "எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க. நான்தான் தினமும் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போறேனே, கொண்டு போய்க் குடுக்கறேன். எழுதுறப்ப யாரும் கத்த முடியாது" என்றார் அண்ணன். கால்நடை ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷமாக வேலை பார்ப்பவர். முட்டிக்கொள்கிற இரண்டைப் பிரித்துக் கட்டுவது எப்படி என்று அவருக்குத் தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நகராட்சித் தலைவி நீங்கள், இந்தப் பக்கம் நான். நூல் ஆலையை மூடிய நாளிலிருந்து இரண்டு ஊரிலும் வேலையில்லாதவர்கள்தான் அதிகம். மெத்தை கம்பெனி புது ஆலைக்கு இடம் தேடுகிறது என்று தெரிந்ததும் நாம் பேசி வைத்தது என்ன? யார் ஊருக்கு வந்தாலும் சரி, மூன்று வருஷத்துக்கு மேல் வரிச் சலுகை கிடையாது. பேசினோமா இல்லையா?

நேற்று அந்தக் கம்பெனி ஆள் வந்தார். இந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர் என்பதால் என் ஆபீசில் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர். உட்காருவதற்கு முன்னால் நாற்காலியை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, "இதுல உக்காந்தா முதுகு போயிடும் மேடம்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அக்கரையில பத்து வருஷம் வரி வேண்டாம்னுட்டாங்க."

அண்ணி, இது தூரோகம். நான் என்ன செய்வேன்? பதினைந்து வருஷம் என்று சொல்லிவிட்டேன். பாவம் உங்களைத்தான் சேரும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார் (முறைக்கு மட்டும்)

மார்ச் 5

அக்கரை நகராட்சித் தலைவி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் தமிழ் வாத்தியார் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. ‘துரோகம்’ என்பதில் முதல் எழுத்து குறில். நீ ‘தூ’ என்று எழுதியிருக்கிறாய். கோபத்தில் இழுத்துவிட்டாய் போலிருக்கிறது.

நான் அப்படிச் சொன்னேனா, சொல்லவில்லையா என்று விளக்கம் கொடுக்கப் போவதில்லை. பதினெட்டு வருஷமாக உங்கள் வீட்டு மருமகளாக இருக்கிறேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்காமல், நாற்காலியை அமுக்கிப் பார்க்கிற மனிதர் சொன்னதை நம்பிப் பதினைந்து வருஷத்தைத் தூக்கிக் கொடுத்தாய் அல்லவா? சரி. நேற்று என் மன்றத்தைக் கூட்டி இருபது வருஷம் என்று தீர்மானம் போட்டுவிட்டேன். எதிர்க்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தோம்.

ஆலைக்குப் பார்த்து வைத்திருக்கும் மேட்டு நிலத்துக்குத் தார்ச்சாலையும் போட்டாகிவிட்டது. இப்போதைக்கு அதில் ஆடுகள் மட்டும் போய் வருகின்றன. மிகவும் வசதியாக இருப்பதாகத் தெரிகிறது.

உன் அண்ணன் உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "ஏம்மா, நான் வைத்தியம் பாக்குற எருமைங்களே தேவலை" என்றார். யாரைச் சொன்னார் என்று நீயே கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
தலைவி

மார்ச் 14

அண்ணிக்கு,

பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை.

நாலு நாளைக்கு முன்னால் கம்பெனியின் பெரிய அதிகாரிகள் மூன்று பேர் என் ஊரைப் பார்க்க வந்தார்கள். கடைத்தெரு முழுக்க வெள்ளையடித்தேன். சுவரில் சாத்தியிருந்த யாரோ ஒருவருடைய சைக்கிளும் வெள்ளையாகிவிட்டது. நாற்சந்தியில் சிக்னல் விளக்கு வைத்தேன். என் ஊருக்கு அது புதுசு. சிவப்பு எரிந்ததும் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு நிதானமாக வந்தார். அதற்குள் பச்சை மூன்று தடவை வந்து போயிருந்தது. பின்னால் அதிகாரிகளின் கார். "உங்க ஊர்ல ரொம்ப டிராபிக்" என்று அவர்கள் பாராட்டினார்கள்.

கிளம்பும்போது கோட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கரையில ஒரு தெருவுக்கு எங்க முதலாளி பேர் வைக்கப் போறாங்களாம் மேடம். அவருக்கு அதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்."

நீங்கள் இவ்வளவு தூரம் இறங்குவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நானும் ஒரு தெருவின் பெயரை மாற்றிவிட்டேன். அகலமாக, மரத்தோடு இருப்பது எங்கள் தெரு ஒன்றுதான். நானும் அண்ணனும் பிறந்த தெரு. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து எனக்கு ஒரே விலாசம். ஒரு மெத்தைக்காரனுக்காகப் பெத்தவளையே வீடு மாத்திட்டியேடி" என்றாள். இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை.

இதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நாத்தனார்

மார்ச் 17

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிழை திருத்துவதற்காக அல்ல.

நான் எந்தத் தெருவுக்கும் யார் பெயரையும் வைப்பதாகச் சொல்லவில்லை. சத்தியமாக அப்படி ஒரு யோசனையே எனக்கு வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை செய்திருப்பேன், அது வேறு.

இப்போது நீ எனக்கு ஒன்றுக்கு நேராகப் பதில் சொல். உன் ஊர்ப் பூங்காவில் ஒரு மெத்தைச் சிலை வைக்கப் போகிறாயா? போன வாரம் கோட்டுக்காரர் என் ஆபீசுக்கு வந்து, நீ அப்படிச் சொன்னதாகச் சொன்னார். "கலைநயத்தோட யோசிச்சிருக்காங்க மேடம்" என்று பெருமூச்சு வேறு விட்டார். நான் மறுநாளே சிற்பியைக் கூப்பிட்டுக் கல்லில் ஒரு மெத்தை செய்யச் சொல்லிவிட்டேன். தலையணையோடு. அந்த மனிதர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "செஞ்சுடலாங்க. ஆனா கல்லுல ஒரு மெத்தையப் பாத்தவன், அந்தக் கம்பெனி மெத்தைய வாங்குவானாங்க?" என்று கேட்டார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், இந்த மாதம் என்னிடம் புத்தியோடு பேசிய ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றுகிறது.

இன்னொன்று. அந்தப் பத்து வருஷத்தையும் நான் சொல்லவில்லை. அன்றைக்கே எழுதியிருக்கலாம். நீ என்னைக் கேட்கவில்லை என்கிற வீம்பில் எழுதவில்லை.

அண்ணி

மார்ச் 18

அண்ணி,

சிலையா? நானா? வெள்ளையடித்ததிலேயே நகராட்சிக் கஜானா வழித்துத் துடைத்தாகிவிட்டது.

அப்படியென்றால் கோட்டுக்காரர் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் ஒன்றும், இந்தப் பக்கம் வந்து ஒன்றும் சொல்லிச் சொல்லி நம் இரண்டு பேரையும் ஏலம் விட்டிருக்கிறார். கூப்பிட்ட குரலுக்கெல்லாம் நாம் விலையை ஏற்றியிருக்கிறோம். பதினைந்து வருஷம் தையல் கடை நடத்தினேன். பக்கத்துக் கடையில் கூலி குறைவு என்று சொல்லி ஒரு வாடிக்கையாளர்கூட என்னை ஏமாற்றியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

ஆனால் தார்ச்சாலை நீங்கள் போட்டதுதானே? அதையாவது நான் திட்டிக்கொள்ளலாம் அல்லவா?

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும் அண்ணி. பதினைந்து வருஷம் வரி வாங்காமல் நான் எப்படித் தெருவிளக்கு எரிய வைப்பேன், எப்படிக் குப்பை அள்ளுவேன்? முடியாது என்று சொன்னால் அவர் மூன்றாவது ஊருக்குப் போய்விடுவார். தினமும் காலையில் பழைய ஆலைக்காரர்கள் என் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஒன்றும் கேட்பதில்லை. நான் இறங்கி வருவதைப் பார்ப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது.

என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்கள்.

நாத்தனார் (முறைக்கு மட்டும் அல்ல)

மார்ச் 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

சாலையைத் தாராளமாகத் திட்டு. நானும் தினமும் திட்டுகிறேன்.

நான் யோசித்தது இதுதான். கோட்டுக்காரர் என் ஆபீசுக்கு வந்தபோதெல்லாம் ஒரு கேள்வியை விடாமல் கேட்டார்: "கரண்ட் எப்ப மேடம் குடுப்பீங்க?" நிலத்தைப் பற்றிப் பேசினாலும் அதையே கேட்டார், தண்ணீரைப் பற்றிப் பேசினாலும் அதையே கேட்டார். உன்னிடமும் கேட்டிருப்பார். வீட்டுப்பாடம் எழுதாத பையன்தான் மணி எப்போது அடிக்கும் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். ஊர் ஊராக இடம் கிடைக்கிற கம்பெனிக்கு இவ்வளவு அவசரம் எதற்கு? விசாரித்தேன். அவர்களுடைய பழைய ஆலைக் கட்டடத்தைச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்கிறார். சந்தையில் போட்டிக் கம்பெனி ஒன்று விலையைக் குறைத்து இவர்களை விரட்டுகிறது. பழைய ஆலையைக் காலி செய்வதற்குள் புது ஆலை ஓட வேண்டும். நமக்கு இருக்கிற பயத்தைவிட அவர்களுக்குப் பயம் அதிகம்.

அவருடைய ஒரே ஆயுதம் நாம்தான். உன்னைக் காட்டி என்னை மிரட்டுகிறார், என்னைக் காட்டி உன்னை மிரட்டுகிறார். அதைப் பிடுங்கிவிடுவோம். இரண்டு பேரும் மன்றத்தைக் கூட்டி, பழையபடி மூன்று வருஷம்தான் என்று தீர்மானம் போடுவோம். பிறகு அவர் என் ஊரைச் சொல்லி உன்னை மிரட்டினால், நீ என் ஊரைப் புகழ வேண்டும். அங்கேயே போங்கள் என்று சொல்ல வேண்டும். நானும் உன் ஊரைப் புகழ்வேன்.

உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகு.

அண்ணி

மார்ச் 27

அண்ணி,

மூன்று வருஷம்தான் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டாகிவிட்டது. அடுத்து நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், அக்கரையில இருபத்தஞ்சு வருஷம் தர்றாங்களாம்" என்று ஆரம்பித்தார்.

"அப்படியா? ரொம்ப சந்தோஷம். விட்டுடாதீங்க. இன்னைக்கே கையெழுத்து போட்டுடுங்க."

"இல்ல மேடம், உங்களுக்கும் ஒரு வாய்ப்பு குடுக்கலாம்னு..."

"எங்களுக்கு எதுக்குங்க? அந்த ஊர் மாதிரி வருமா? அந்தக் காத்துல சும்மா படுத்தாலே தூக்கம் வரும். தலைவி இருக்காங்களே, தங்கம்!"

இதைச் சொல்லும்போது எனக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சொன்னேன்.

அவர் நாற்காலியை அழுத்திப் பார்க்காமலே உட்கார்ந்தார். "அவங்களும் உங்களைப் பத்தி நல்லாத்தான் சொன்னாங்க."

"தங்கம்னா?"

"இல்ல. பிழை நிறைய இருக்கும், ஆனா மனசு சுத்தம்னாங்க."

இதை நான் பிறகு கவனித்துக்கொள்கிறேன் அண்ணி. அவர் இருபதிலிருந்து பத்துக்கு வந்தார், பத்திலிருந்து ஐந்துக்கு வந்தார். நான் உங்கள் ஊரின் சாக்கடை வசதி வரைக்கும் புகழ்ந்து முடித்தேன். எழுந்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

போனவர் போனவர்தான். நாலு நாளாக ஆளைக் காணோம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஊரில் அவரைப் பார்த்ததாக என் டிரைவர் சொல்கிறான். எதிர்க்கட்சி உறுப்பினர் நேற்று மன்றத்திலேயே கேட்டார்: "வர்ற கம்பெனியப் பக்கத்து ஊருக்குப் போன்னு சொன்ன முதல் தலைவி நீங்கதான். பதவிய விட்டு எப்பப் போறீங்க?" வாசலில் நிற்கிறவர்களைத் தாண்டி வர முடியாமல் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தேன்.

ஐந்து வருஷம் கொடுத்துவிடலாமா என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

நாத்தனார்

மார்ச் 28

நாத்தனாருக்கு,

கொடுக்காதே. இன்னும் கொஞ்ச நாள் பொறு. நாம் பயந்துவிட்டோம் என்று தெரிந்தால் மறுபடியும் இருபதிலிருந்து ஆரம்பிப்பார்.

இதை உறுதியோடு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன்னிடம் மறைக்கவும் மனம் வரவில்லை. நேற்று சாயங்காலம் நான் அவருக்குப் போன் போட்டேன். என் ஊரிலும் வாசல் இருக்கிறது, அங்கேயும் ஆட்கள் நிற்கிறார்கள். ஆறு வருஷம் என்று சொல்லலாம் என்றுதான் போட்டேன். லைன் பிஸி. மறுபடி போட்டேன், மறுபடியும் பிஸி. ரொம்ப நேரம் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் எனக்கு வெட்கம் வந்து போனை வைத்துவிட்டேன்.

உண்மையைச் சொல். அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தது நீயா?

அண்ணி

மார்ச் 29

அண்ணி,

நான்தான்.

திட்டுவதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடுங்கள். கடிதத்தை அண்ணனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். உங்கள் பதில் வரும் வரைக்கும் பொறுக்க முடியவில்லை. அவர் நம்பரைப் போட்டு "ஹலோ" என்றேன். அண்ணி, நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

"மேடம், வேண்டாம், ஒண்ணும் சொல்லிடாதீங்க!" என்று அவர் கத்தினார். "நீங்க வேணாம்னு சொல்லத்தான் கூப்பிட்டிருக்கீங்கன்னு தெரியும். ஹெட் ஆபீஸ்ல பேசிட்டேன். மூணு வருஷம் போதும். நாலாவது வருஷத்துலேர்ந்து முழு வரி கட்டிடறோம்."

ஐந்து என்று சொல்வதற்காகத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. நான் மௌனமாக யோசிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "பழைய ஆலை ஆளுங்களுக்குத்தான் முதல்ல வேலை" என்றார். எனக்கு இன்னும் குரல் வரவில்லை. "சரி மேடம், பொம்பளைங்க குழந்தைங்கள விட்டுட்டு வேலை பாக்க ஒரு காப்பகமும் கட்டித் தர்றோம்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருந்தால் ஒரு ஆஸ்பத்திரியே வாங்கியிருப்பேன். அதற்குள் "ம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

என் வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டு ஜெயித்தது இது ஒன்றுதான் என்று அண்ணன் சொல்கிறார்.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. எந்த ஊர் என்று இன்னும் முடிவாகவில்லை. "ரெண்டு பேரும் பேசி நீங்களே ஒரு ஊரச் சொல்லுங்க. எங்களுக்கு எதுவானாலும் சரி, சீக்கிரம் சொல்லுங்க" என்கிறார். உண்மையான சண்டை இனிமேல்தான் வரப்போகிறது. எனக்கு வேண்டும் அண்ணி. உங்களுக்கும் வேண்டும். யோசித்து எழுதுங்கள். நானும் யோசிக்கிறேன்.

நாத்தனார்

ஏப்ரல் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. பிறகு, ஆலை என் ஊருக்கு ஏன் வர வேண்டும் என்று ஒரு தாள் நிறைய எழுதிப் பார்த்தேன். படித்தால் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி மாதிரி இருந்தது.

ஆலை மூடியபோது உன் ஊரில்தான் அடி அதிகம். உன்னைத்தான் மன்றத்தில் வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். என் எதிர்க்கட்சிக்காரர் தூங்குகிறார். எனக்கு என்ன குறை? இன்று காலை கோட்டுக்காரரைக் கூப்பிட்டு உன் ஊர்தான் என்று சொல்லிவிட்டேன்.

இதில் தியாகம் ஒன்றும் இல்லை. பதிலுக்கு நீ வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

அண்ணி

ஏப்ரல் 2

அண்ணி,

இதை வாங்கிப் போக வந்த அண்ணன், நீங்களும் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பரவாயில்லை, என்னுடையதை முதலில் படியுங்கள்.

நேற்று என் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு போய் ஆலைக்குப் பார்த்து வைத்த எங்கள் ஊர் நிலத்தை மறுபடியும் பார்த்தேன். ஆற்றோரம். மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கரை கட்டிவிடலாம் என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கும் சேர்த்து. இன்ஜினியர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கட்டலாம் மேடம். நிக்குமான்னு கேக்காதீங்க." நனைந்த மெத்தை எப்படி இருக்கும் என்று இரண்டு பிள்ளைகளை வளர்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? முதல் வெள்ளத்தில் ஆலை போகும், வேலையும் போகும்.

உங்களுடையது மேட்டு நிலம். இன்று மத்தியானம் கோட்டுக்காரருக்குப் போன் செய்து அக்கரைதான் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அண்ணனிடம் சொல்லாதீர்கள்.

நாத்தனார்

ஏப்ரல் 4

என் அன்பு நாத்தனாருக்கு,

நேற்று கோட்டுக்காரர் என் ஆபீசுக்குள் ஓடி வந்தார். கோட்டு தோளில் கிடந்தது. முகமெல்லாம் வேர்வை.

"மேடம், மறுபடியுமா? காலையில நீங்க அந்த ஊருங்கறீங்க, மத்தியானம் அவங்க இந்த ஊருங்கறாங்க. அன்னைக்குப் புகழ்ந்த மாதிரியே புகழ்றீங்க. நாங்க என்ன தப்பு பண்ணோம்? தயவுசெஞ்சு யாராவது ஒருத்தர் எங்களை ஏத்துக்குங்க மேடம்!"

இந்த முறை நாங்கள் இரண்டு பேரும் நிஜமாகத்தான் சொல்கிறோம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவே இல்லை. "காப்பகம் போக வேற என்ன வேணும், அதைச் சொல்லிடுங்க" என்றார். கேட்கிறவரை ஏமாற்றுவானேன்? பாலத்தின் மேல் காலையும் மாலையும் கம்பெனிச் செலவில் ஒரு பஸ், ஆட்களில் பாதிக்கு மேல் உன் ஊரிலிருந்து என்று கேட்டேன். உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உன் காரணம் என்னுடையதைவிடப் பெரியது. தண்ணீரோடு வாதாட முடியாது. மேட்டு நிலத்திலேயே கட்டட்டும். ஆனால் உன் மன்றத்தில் நீ தனியாக நின்று இதைச் சொல்ல வேண்டாம். நான் வருகிறேன். எதிர்க்கட்சிக்காரர் என்னையும் சேர்த்துத் திட்டட்டும். அவர் பேச்சில் பிழை இருந்தால் அங்கேயே திருத்தலாம்.

போனை எடு. மணி அடித்தால் நான்தான்.

அண்ணி

செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் தினமும் பேசுகிறோம். இதைப் போனில் சொன்னால் குரல் போய்விடும் என்று எழுதுகிறேன்.

நேற்று முதல் ஷிப்ட். ஆலையில் நீங்கள் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்த நேரம், நான் பாலத்தின் இந்த முனையில் நின்றுகொண்டிருந்தேன். வர முடியாது என்று சொன்னதற்குத் தலைவலி காரணம் இல்லை. அங்கே வந்தால் உங்கள் ஊர் நிலத்தைப் பார்த்து வயிறு எரியும் என்று பயந்தேன். வரப்போகிற தேர்தலில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அண்ணன் சொல்கிறார். ஆலையைத் தாரை வார்த்தவள் என்று சுவரெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறார்கள், அதுதான் கொடுமை.

கம்பெனி பஸ் நிரம்பி வழிந்தது. இடம் கிடைக்காதவர்கள் நடந்தே போனார்கள். எல்லோரும் என் ஊர்க்காரர்கள். இரண்டு வார்த்தை பேசி, இதெல்லாம் யாரால் வந்தது என்று லேசாகக் காதில் போட்டுவைக்கலாம் என்றுதான் நின்றேன். பொய் சொல்வானேன்? புதுச் சீருடையில், இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு ஒருத்தி வேகமாக வந்தாள். நிறுத்தினேன்.

"எப்படிம்மா இருக்கே? வேலையெல்லாம்..."

அவள் நிற்கக்கூட இல்லை. குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டே, "நேரமாயிடுச்சு தலைவி, இவனக் காப்பகத்துல விட்டுட்டுப் போகணும். அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

எல்லோரும் போய், பாலம் காலியாகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன் அண்ணி. என்னோடு பேச ஒருவருக்கும் நேரம் இல்லை. அதற்காக நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

உங்கள் நாத்தனார்